இன்னும் ஒரு கடை

— அந்த மஞ்சள் துப்பட்டாவை மடிச்சு வைக்கச் சொல்லுங்க பாபிஜி. பெட்டியில இனி ஊசி நுழைய இடமில்ல. நாளைக்கு ராத்திரி விமானம், இன்னும் ஒண்ணும் கட்டி முடிக்கல.

— அடி பைத்தியமே, கனடாவுல இந்தப் பூவேலை கிடைக்குமா? போர்த்திப் பாரு. அண்ணே, அந்தப் பச்சையையும் எடுங்க.

— இது ஆறாவது கடை. கல்யாணத்துக்கு முன்னாடிகூட இந்த ஜலந்தரை நாம இவ்வளவு சுத்தல.

— அப்ப எனக்கு அடுப்படியை விட்டு நகர முடிஞ்சுதா? உன் கொழுந்தன் கல்யாணத்துக்கு நானூறு பேருக்கு லட்டு பிடிச்ச கை இது. பாபிஜி, அண்ணின்னு பேருதான்; மூத்த மருமகள்னா அந்த வீட்டுல சம்பளமில்லாத ஆள்தானே. உன் புண்ணியத்துல இன்னைக்குத்தான் வெளிக்காத்து. இதை முடிச்சுட்டு பத்தூரா சாப்பிடுவோம். அப்புறம் இன்னும் ஒரு கடை.

— எனக்குப் பசிக்கல. அவனியை விட்டுட்டு வந்தது ஒரு மாதிரி இருக்கு. அவளுக்கு அஞ்சு வயசாகுது, லக்வீர் அவளைத் தனியா கடைக்குக்கூடக் கூட்டிட்டுப் போனதில்ல. இன்னைக்கு என்னமோ, அமிர்தசரஸ் போய் பொற்கோயில்ல தலை வணங்க வைக்கிறேன்னு பத்து மணிக்கே கிளம்பிட்டார்.

— அப்பன்தானே ரூப்நீத். கடிச்சா தின்னுடப் போறான்?

— இருங்க, இங்க நெட் வருது. கனடாவுல, பிராம்ப்டன்ல இருந்து ஹர்சிம்ரன் பேசி அனுப்பியிருக்கா. எங்க வீட்டுக் கீழ்த்தளத்துல வாடகைக்கு இருக்கிற பொண்ணு.

— அப்புறம் கேக்கலாம். இந்தப் பச்சையைப் பாரு முதல்ல.

— பாபிஜி...

— என்ன?

— வீட்டை வித்துட்டீங்களா அக்கான்னு கேக்கிறா. யாரோ வந்து பூட்டை மாத்துறாங்களாம். என் துணியெல்லாம் கறுப்புப் பையில கட்டி கராஜ்ல கிடக்காம்.

— அவ வேற யார் வீட்டையோ சொல்றா.

— என் வீட்டுல இருந்துக்கிட்டு வேற வீட்டையா சொல்லுவா? கிளம்புறதுக்கு முந்தின வாரம் வரிக் காகிதம்னு என்கிட்ட கையெழுத்து வாங்கினார். நாலு இடத்துல. பருப்புக்குத் தாளிச்சுக்கிட்டே போட்டேன். இருங்க, அவரைக் கூப்பிடுறேன்.

— எடுக்கிறானா?

— அணைச்சு வச்சிருக்கார். அத்தையும் எடுக்கல. எழுந்திருங்க பாபிஜி, வீட்டுக்குப் போகலாம். என் பாஸ்போர்ட் அத்தையோட பீரோவுல நகையோட இருக்கு.

— அங்க இல்ல.

— உங்களுக்கு எப்படித் தெரியும்?

— உக்காரு.

— எப்படித் தெரியும்னு கேட்டேன்.

— உக்காருடி. கடைக்காரன் பாக்கிறான். உன் பாஸ்போர்ட்டை அவன் கொண்டு போயிட்டான். விமானம் நாளைக்கு இல்ல, இன்னைக்கு நாலு மணிக்கு, அமிர்தசரஸ்ல இருந்து. ரெண்டே சீட்டு. அவனுக்கும் குழந்தைக்கும்.

— விளையாடாதீங்க.

— அங்க இன்னொருத்தி இருக்கா. ரெண்டு வருஷமா. அத்தைக்குத் தெரியும். இந்தக் கல்யாணத்துக்கு உன்னைக் கூட்டிட்டு வந்ததே இங்க விட்டுட்டுப் போகத்தான்.

— அவனி முடியைக்கூட அவருக்குப் பின்னத் தெரியாதே... பாபிஜி, இதெல்லாம் தெரிஞ்சுக்கிட்டா காலையிலேர்ந்து என் தோள்ல துணியைப் போட்டுப் போட்டுப் பாத்தீங்க?

— உன்னை நாலு மணி வரைக்கும் கடைத்தெருவுல வச்சுக்கச் சொன்னான்.

— நீங்களும் சரின்னீங்க.

— சரின்னேன்.

— எதுக்கு? என்ன தர்றேன்னார்?

— என் மகன் கரனை. அங்க காலேஜ்ல சேர்த்து, கூடவே வச்சுப் படிக்க வைக்கிறேன்னான். என் வீட்டுக்காரர் லாரியோட போய்ச் சேர்ந்து ஒம்பது வருஷமாச்சு ரூப்நீத். கரனும் அதே லாரி ஆபீஸுக்குத்தான் இப்ப சரக்கு ஏத்தப் போறான். ஒவ்வொரு சாயந்திரமும் அவன் செருப்புச் சத்தம் கேக்கிற வரைக்கும் எனக்கு மூச்சு வராது.

— உங்க பிள்ளை போகணும்னு என் பிள்ளையைக் கொடுத்தீங்க.

— ஆமா.

— வாய் கூசல?

— கூசுது. அதான் பேசிக்கிட்டே இருந்தேன், காலையிலேர்ந்து.

— கையை விடுங்க. நான் டாக்சி பிடிச்சு ஏர்போர்ட் போறேன். ரோட்டுல உருண்டாவது போறேன்.

— போனா உன்னை உள்ளயே விடமாட்டாங்க. உன்கிட்ட ஒரு துண்டுச் சீட்டுகூடக் கிடையாது. அவன் பாட்டுக்குக் குழந்தையைத் தூக்கிட்டு உள்ள போயிடுவான்.

— அப்ப என்னை என்ன செய்யச் சொல்றீங்க? இங்கேயே உக்காந்து பச்சையா மஞ்சளான்னு பாக்கவா?

— கத்து. அடிக்கணும்னாலும் அடி. ஆனா கேளு. காலையில குழந்தை என் அறைக்கு வந்தா. பெரியம்மா, அம்மா ஏன் எங்க கூட வரலன்னு கேட்டா. அவளுக்குத் தெரிஞ்சிருக்கு ரூப்நீத். அவன் முன்னாடியே சொல்லியிருக்கான்போல, அம்மா அப்புறம் வருவான்னு.

— நீங்க என்ன சொன்னீங்க அவகிட்ட?

— தலை பின்னிவிட்டேன். அவன் குளிக்கப் போயிருந்தான், பை கட்டில்ல கிடந்தது.

— எந்தப் பை?

— பாஸ்போர்ட் பை. உன்னோடதை அவன் சட்டைக்குள்ள வச்சுக் குளியலறைக்கே கொண்டு போயிருந்தான், அதை எடுக்க முடியல. மத்ததை எடுத்தேன். எடுத்துட்டு உன்கிட்ட தர மனசு வரல. ஒவ்வொரு கடையிலயும் கரன் முகம்தான் வந்து நின்னுச்சு. இப்ப உன் முகத்தைப் பாத்தாச்சு, இனி என்னால முடியாது.

— என்ன எடுத்தீங்க? தெளிவாச் சொல்லுங்க பாபிஜி.

— அவன் பையில இப்ப பதிலுக்கு இருக்கிறது செத்துப்போன என் வீட்டுக்காரரோட பாஸ்போர்ட், அதுவும் அதே நீல அட்டைதான். இந்தா, அவனியோடதைப் பிடி, அவளை ஏர்போர்ட் வாசலைத் தாண்டி அவனால கொண்டு போக முடியாது.