பதினேழாவது குணம்

இந்த அறைக் கதவைச் சாத்த இரண்டு தடவை தள்ள வேண்டியிருக்கிறதே, கீல் இறங்கியிருக்கும் போல என்று நீங்கள் உள்ளே வந்தபோது நினைத்துக்கொண்டேன். சொல்லவில்லை. விசாரணைக்கு உட்கார்ந்திருக்கும் ஒருத்தி கதவைப் பற்றிப் பேசினால் நன்றாக இருக்காது. ஆனால் வேறு கார் ஆலைகளிலும் இங்கேயுமாகப் பதினெட்டு வருடம் கார்க் கதவு சாத்தும் சத்தத்தைக் கேட்டுச் சம்பளம் வாங்கியவள் நான். காது தானாகப் போய் நின்றுவிடுகிறது.

நீங்கள் தலைமை அலுவலகம் அனுப்பிய விசாரணை அதிகாரி. இந்த ஆலைக்குப் புதியவர். அதனால் முதலிலிருந்து சொல்கிறேன், இராமச்சந்திரன் சார்.

ஐரோப்பாவில் ஒரு மலையடிவாரத்தில் ஒரு குடும்பம் எண்பது வருடமாக ஆடம்பரமான பந்தயக் கார் செய்துகொண்டிருந்தது. வருடத்துக்கு இருநூறு கார். அதன் பெயரைச் சரியாக உச்சரிக்க எங்களுக்கு அரை நாள் வகுப்பு எடுத்தார்கள். குடும்பம் நொடித்துப்போனது. பிறகு ஒரு கைப்பைக் கம்பெனி வாங்கியது. அவர்களுக்கும் அலுத்துப்போய், கடைசியில் நம் முதலாளி வாங்கினார். தண்ணீர் பம்ப்செட் செய்து பெரிய ஆளானவர். ஒரகடத்தில் இடம் இருந்தது, கார் இங்கே வந்தது.

உடனே உலகத்துக் கார்ப் பத்திரிகைகளுக்கெல்லாம் துக்கம் வந்துவிட்டது. கை மாறினால் குணம் மாறிவிடும் என்று எழுதினார்கள். இனி அது ஓடுமா, கிணற்றில் தண்ணீர் இறைக்குமா என்று ஒருவர் கேட்டிருந்தார். முதலாளிக்குச் சுருக்கென்று தைத்தது. குணத்தைக் காப்பாற்றத் தனியாக ஒரு பிரிவு தொடங்கினார். குணப் பிரிவு என்று போர்டு மாட்டிய அன்று, அங்கே காய்ச்சலுக்கு மாத்திரை கிடைக்குமா என்று கேன்டீனில் சிரித்தார்கள். அந்தப் பிரிவின் பொறுப்பை எனக்குக் கொடுத்தார்கள். காந்திமதி என்ற பெயர் முதலாளியின் வாயில் அன்றுதான் முதல்முறை வந்தது.

பழைய ஆலைக்கு ஆறு வாரம் அனுப்பினார்கள். நாற்பத்தோரு குணங்களைப் பட்டியல் எழுதிக்கொண்டு வந்தேன். முதல் கியர் முனக வேண்டும். தோல் வாசனைக்கு நடுவில் கொஞ்சம் எண்ணெய் வாசனை வர வேண்டும். மழை பெய்தால் இடப்பக்கக் கண்ணாடி வழியாக ஒரு சொட்டு உள்ளே விழ வேண்டும். அந்த ஒரு சொட்டுக்காக நம் எஞ்சினியர்கள் நான்கு மாதம் உழைத்து, நன்றாக மூடியிருந்த கண்ணாடியை ஒழுக வைத்தார்கள். ஒழுகிய அன்று கேக் வெட்டினோம்.

பதினேழாவது குணம் இது. வேகமாக வளைவில் போகும்போது பயந்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், காரின் பின்பக்கம் விலகிக்கொண்டு வெளியே போகும்.

மென்பொருள் பிரிவின் எழிலரசன் இதைச் சரிசெய்துவிட்டான். பின்சக்கரம் வழுக்கும் நொடியில் ஒரு கருவி தானாகவே பிரேக்கைப் பிடித்து வண்டியை நேராக்கிவிடும். நல்ல பையன்தான். ஆனால் சரிசெய்யச் சொன்னது யார்? அடுத்த மாதம் வெளிநாட்டிலிருந்து ஒரு பத்திரிகையாளர் வந்து ஓட்டிப் பார்த்தார். "அடக்கமான கார்" என்று இரண்டே சொல் எழுதினார். முதலாளி எனக்குப் போன் செய்து அதை வாசித்துக் காட்டினார். திட்டவில்லை. வாசித்துவிட்டு வைத்துவிட்டார்.

பகலவனை உங்களுக்குக் கோப்பில்தான் தெரியும். சேரப்பணஞ்சேரிக்காரன், முப்பத்து மூன்று வயது. சோதனைத் தடத்தில் நம்மிடம் இருந்த டிரைவர்களில் அவன்தான் கைதேர்ந்தவன். காரின் பெயர் அவன் வாயில் நுழையாது. மாப்ள என்றுதான் கூப்பிடுவான். வேளா வேளைக்குக் கவனிக்கணும், ஒன்னும் சொல்லக்கூடாது, முறுக்கிக்கினா நாமதான் இறங்கிப் போகணும் என்பான். அவன் மாமனார் வீட்டில் அவனுக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை என்றும் சேர்த்துக்கொள்வான்.

பதினேழைத் திரும்பக் கொண்டுவர அவனைத் தேர்ந்தெடுத்தேன். திங்கட்கிழமை காலை என் மடிக்கணினியை வண்டியில் செருகி எழிலரசனின் கருவியை நிறுத்தினேன். நிறுத்தினால் ஓட்டுபவர் முன்னால் ஒரு மஞ்சள் விளக்கு எரியும். அதையும் அணைத்தேன். இதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். விளக்கு எரிந்தால் ஓட்டுபவன் ஜாக்கிரதையாகிவிடுவான். ஜாக்கிரதையானவனிடம் எந்தக் காரும் குணத்தைக் காட்டாது. மனிதர்களும் அப்படித்தான்.

முதல் நாளே பின்பக்கம் விலகியது. பகலவன் சமாளித்து வந்து நிறுத்தினான். சட்டை நனைந்திருந்தது. ஆன்லதானே கீது மேடம் என்று கேட்டான். ஆனில்தான் இருக்கிறது என்றேன். என் நோட்டில், கண் விரிந்திருக்கிறது, மூச்சு வாங்குகிறது, பேச்சு வர நேரமாகிறது என்று குறித்தேன். எண்பது வருடமாகப் பணக்காரர்கள் எதற்காக அந்தக் காரை வாங்கினார்களோ அதெல்லாம் ஒரு சேரப்பணஞ்சேரி முகத்தில் அப்படியே வந்திருந்தது. எனக்கு நிறைவாக இருந்தது.

இரண்டாம் நாள், வண்டியை ஷெட்டுக்கு அனுப்பிப் பார்க்கச் சொன்னான். பார்த்தாகிவிட்டது என்றேன். மூன்றாம் நாள் தடத்தை லாரித் தண்ணீரால் நனைக்கச் சொன்னேன். ஈரத்தில்தான் பதினேழு முழுதாகத் தெரியும். அவன் வண்டியில் ஏறாமல் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"இன்னா மேடம், மாப்ளக்கு எம்மேல இன்னா கோவம்? சொல்லாம கொள்ளாம திரும்பிக்கினு போறாரு. எனக்கு மனசுக்கு சரியா படலை."

"முறுக்கு இருந்தாத்தான் மாப்பிள்ளைன்னு நீதானப்பா சொன்னே. ஒரே ஒரு ரவுண்டு."

அவன் சிரித்துவிட்டான். நான் சொன்னால் கேட்பான். பென்னலூர்ப் பெண்ணைப் பார்த்துவிட்டு வந்து, கட்டிக்கொள்ளலாமா என்று என்னிடம்தான் முதலில் கேட்டவன்.

நான்காவது வளைவில் பின்பக்கம் விலகியது. இந்தத் தடவை திரும்பி வரவில்லை. முழுச் சுற்று சுற்றி, ஓட்டுபவர் பக்கமாகக் கான்கிரீட் சுவரில் மோதியது. பழைய ஆலையில் எனக்குப் போட்டுக் காட்டிய படத்தில் இருந்த அதே கோணம். பதினேழுக்கு நேரே டிக் போட்டேன். பிறகு ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். எவ்வளவு நேரம் கழித்து என்று கேட்கிறீர்கள். ஒரு டிக் போட எவ்வளவு நேரம் ஆகும், சார்?

பதினோரு நாள் இருந்தான். நான் தினமும் போனேன். அம்சவல்லி, அவன் மனைவி, ஆஸ்பத்திரி வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"டாக்டருங்க ஒன்னும் சொல்ல மாட்றாங்க மேடம். நீங்க சொல்லுங்க, குணமாயிடும் இல்ல?"

அந்தச் சொல்லை எவ்வளவு சின்ன விஷயத்துக்குப் பயன்படுத்துகிறார்கள் என்று தோன்றியது. ஆகிவிடும் என்றேன்.

அவன் போன மறுநாள் அவளிடம், வேகமாக ஓட்டிவிட்டான் என்று நம் ஆட்கள் சொல்லியிருக்கிறார்கள். அது பொய். நான் சொன்ன வேகத்தில்தான் ஓட்டினான். எழுதிக்கொள்ளுங்கள், அவன் மேல் எந்தத் தப்பும் இல்லை.

இன்னொன்றையும் எழுதிக்கொள்ளலாம். பழைய ஆலையில் ஒரு மெக்கானிக் இருந்தார். அந்தப் பின்பக்கத்தைப் பற்றிக் கேட்டபோது தலையில் அடித்துக்கொண்டார். முப்பது வருடமாக அதைச் சரிசெய்யச் சொல்லி அங்கே வேலை செய்தவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்களாம். குடும்பத்திடம் வசதி இல்லை, கைப்பைக் கம்பெனிக்கு அக்கறை இல்லை. அதனால் அங்கே டிரைவர்களில் இரண்டு பேர் செத்திருக்கிறார்கள். உங்கள் புது முதலாளியாவது அதைச் சரிசெய்வாரா என்று கேட்டார். அங்கே அதற்குப் பெயர் குறை. விமானத்தில் வரும்போது பட்டியலை எழுதினேன். குணம் என்று எழுதியது என் கைதான். அதை விட்டுவிட்டு நாற்பது என்று முடித்தால், யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய பட்டியல் போல இருந்தது.

இப்போது இந்தத் தாளை என் பக்கம் தள்ளுகிறீர்கள். நல்ல எண்ணத்தோடுதான் செய்கிறீர்கள், தெரிகிறது. "எனது கவனக்குறைவால்" என்று தொடங்கி ஒரு பத்தி. கீழே கையெழுத்துப் போட்டால் வேலை போவதோடு முடிந்துவிடும், போடாவிட்டால் கோப்பு போலீசுக்குப் போகும் என்று சொல்கிறீர்கள். முதலாளியும் இதையே விரும்புவதாகச் சொல்கிறீர்கள்.

இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். பேனாவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். பதினெட்டு வருடத்தில் என் வேலையைப் பற்றி யாரும் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. வேறு எதை வேண்டுமானாலும் எழுதுங்கள், படித்துப் பார்க்காமலே போட்டுவிடுகிறேன். கவனக்குறைவு என்பதற்குக் கீழே என் பெயர் வராது.