மாயவனின் டோக்கன் நம்பர்

டீ நன்றாகத்தான் இருக்கிறது, சார். சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல்.

அரியலூர்ப் பக்கத்து சிமெண்ட் ஆலைக்கு எண்பத்தெட்டில் கம்ப்யூட்டர் வந்தபோது, அதைப் படித்திருந்தவன் நான் ஒருவன்தான். மராமத்துப் பிரிவில் ஒன்று வைத்தார்கள். கல் அரைக்கும் மில்லுக்குள் யார் இறங்கியிருக்கிறார்கள் என்று அதில் பதிவார்கள். கன்ட்ரோல் ரூமில் இன்னொன்று. அதில் எல்லா ஆட்களின் பெயரும் இருக்கும். இரண்டையும் இணைத்தவன் நான். ஒவ்வோர் ஆளுக்கும் ஆலை கொடுத்த டோக்கன் நம்பர்தான் இணைப்பு. இரண்டு பக்கமும் நம்பர் ஒத்துப்போனால், உள்ளே இருப்பவன் பெயர் கன்ட்ரோல் ரூம் திரையில் வரும். திரை காலியாக இருந்தால் மில்லை ஓட்டலாம். முன்பெல்லாம் ஒருவர் போய் எட்டிப் பார்த்துக் குரல் கொடுப்பார். என் இணைப்பு வந்ததும் அதை நிறுத்திவிட்டார்கள். அவ்வளவு நம்பிக்கை.

என் தங்கை கமலவேணி, மாயவனை ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டாள். கங்கைகொண்ட சோழபுரத்துப் பக்கம் எங்களுக்கு முந்திரிக்காடு உண்டு. அவன் அப்பா அதில் கூலிக்கு நின்றவர். நான் சாதி பார்க்கிறவன் இல்லை, சார். எங்கள் அப்பா அவளைத் தலைமுழுகிய பிறகும் நான் போய்ப் பார்த்தேன்.

"அண்ணா, அவருக்கு ஒங்க ஆலையில ஒரு வேலை பாத்துக் குடுங்களேன்" என்றாள். வாங்கிக் கொடுத்தேன்.

மாயவன் மரியாதை தெரிந்தவன். ஆலையில் என்னை சார் என்றுதான் கூப்பிடுவான். குழந்தை பிறந்ததும் கேன்டீனுக்கு மிட்டாய் கொண்டுவந்தான். எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"எடுத்துக்குங்க மச்சான். தாய்மாமன் ஆயிட்டீங்க."

எடுத்துக்கொண்டேன். யாரும் சிரிக்கவில்லை. அவரவர் தட்டைப் பார்த்துக்கொண்டார்கள். சிரித்திருந்தால்கூடத் தேவலை.

அதற்கப்புறம் ஒருநாள் மில்லுக்குள் தகடு மாற்ற இறங்கினார்கள். மற்றவர்கள் சாப்பிடப் போய்விட்டார்கள். மிச்ச வேலையை முடிக்க அவன் மட்டும் உள்ளே நின்றான். கன்ட்ரோல் ரூம் பட்டியலில் அவன் நம்பரில் ஓர் இலக்கத்தை மாற்றினேன். திரையிலிருந்து அவன் பெயர் போய்விட்டது.

ஆபரேட்டர் கிருஷ்ணமூர்த்தி போன் செய்தார். "மில்லுக்குள்ள யாரும் இல்லதானே தம்பி?"

"திரையில என்னண்ணே காட்டுது?"

"ஒண்ணும் இல்ல."

"அப்ப ஓட்டுங்கண்ணே."

சுவிட்சைப் போட்டது அவர் கைதான். பாவம், போன மாதம் பூச்சிமருந்து குடித்துச் செத்துப்போனார். நல்ல மனிதர். நம்பரை அன்றைக்கே பழையபடி திருத்தி வைத்துவிட்டேன். இணைப்பில் ஒரு கோளாறும் கிடையாது, யாரை வேண்டுமானாலும் விட்டுச் சோதியுங்கள்.

கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் என் தங்கை நன்மைக்குத்தான் செய்தேன். போன வாரம்தான் கமலவேணியை நானே வீட்டுக்கு அழைத்துவந்தேன். பிள்ளையை மட்டும் அவர்கள் தெருவிலேயே விட்டுவிட்டு வரச் சொன்னேன். பால் கட்டி ஜுரத்தில் கிடக்கிறாள். என்னோடு பேசுவதில்லை, நான் வைக்கும் சோற்றைத் தொடுவதில்லை. போகப்போகச் சரியாகிவிடும். என்னை விட்டால் அவளுக்கு இனி வேறு யார் இருக்கிறார்கள், சார்?