திரும்பி வந்த வரி

அரங்கின் நடுநாயகமாய் வீற்றிருக்கும் தலைவர் அவர்களே, கணக்கைக் கரைத்துக் குடித்த பேராசிரியப் பெருமக்களே, துராஸ்னோவிலிருந்து பேருந்தேறி வந்து, மாத்தே மூலிகைத் தேநீர்க் குவளையோடு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, இன்று பணி ஓய்வு பெறும் எங்கள் நெலிதா எச்செவெர்ரி அம்மையாரே, வணக்கம்.

நான் எவுசேபியோ. முப்பத்தெட்டு ஆண்டுகள் இந்தக் கட்டடத்தைக் கூட்டியவன். எழுத்தறியாதவன், ஆனால் கண்டதை மறவாதவன்.

அயலார் படிக்க முடியாதபடி செய்தியைப் பூட்டுவது அம்மையாரின் கலை. ஒன்பது ஆண்டுகள் உழைத்து ஒரு பூட்டுக் கணக்கை உருவாக்கினார். கணிப்பொறி அதை வரிவரியாக எழுத்துகளாய்க் கொட்டும். ஒருமுறை வந்த வரி மறுபடி திரும்பி வரக் கூடாது. வந்தால் அது பூட்டே அல்ல. அவர் பார்த்துவிட்டு எறிந்த தாள்களைக் கொண்டுதான் வெள்ளிதோறும் இறைச்சி சுட நான் நெருப்பு மூட்டுவேன். சிரியுங்கள், சிரியுங்கள், தின்றவர்களில் பாதிப்பேர் இங்கேதான் இருக்கிறீர்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை. திங்களன்று வெளிநாட்டு அறிஞர் அவையில் அந்தப் பூட்டு அரங்கேற வேண்டும்; அம்மையாருக்கு வரவேண்டிய பேராசிரியர் பதவியே அதில்தான் தொங்கியது. தாளைக் கசக்கப் போன என் கை நின்றது.

"நெலிதாம்மா, இந்தக் கடைசி வரிய நா முன்னமே பாத்திருக்கேன். ஈஸ்டருக்கு மறுவாரம் எரிச்ச தாள்ல இருந்துச்சு."

பக்கத்து அறைக் கணக்கு ஆசிரியர் பாசினி சிரித்தார். "பேரெழுதத் தெரியாத ஆளு ஒனக்குப் பரீட்சை வைக்கிறாரு, பாத்தியா?"

"ஒங்க மூஞ்சியக்கூட நா படிச்சுப் பாத்துத்தானா அடையாளம் தெரிஞ்சுக்கிறேன், பாசினி சார்?" என்றேன்.

எரிந்த தாளுக்குச் சாட்சி ஏது? சாம்பல் வந்து சாட்சி சொல்லுமா? ஆனால் அம்மையார் சிரிக்கவில்லை.

"எந்த வரிண்ணே? வெரல வச்சுக் காட்டுங்க."

காட்டினேன். இரண்டு நாள் கதவைச் சாத்திக்கொண்டு கணக்குப் போட்டார். ஞாயிறு மதியம் வெளியே வந்தார். "சுத்திச் சுத்தி அங்கேயே வருதுண்ணே. போயி நானே சொல்லிடுறேன்."

"ஒனக்கும் இவருக்கும் தவிர யாருக்குத் தெரியும் நெலிதா?" என்றார் பாசினி.

"ரெண்டு பேரு போதாதா?"

உலகத்தின் ரகசியங்களைப் பூட்டப் பிறந்தவர் தன் பிழையைப் பூட்டவில்லை. பதவிக்காகப் பூட்டவில்லை, பயத்தால் பூட்டவில்லை, ஒன்பது ஆண்டு உழைப்பை எண்ணியும் பூட்டவில்லை. அவையேறி, "என் பூட்டை நானே உடைத்துவிட்டேன்" என்றார். பதவி பாசினிக்குப் போனது.

பிறகு ஆறு ஆண்டுகள். இரண்டாம் பூட்டு பிறந்தது. செய்த முறை முழுவதையும் உலகறிய வெளியிட்டு, "சாவி மட்டும் என்கிட்ட இருக்கு, ஒடைச்சுப் பாருங்க" என்றார். இருபத்திரண்டு ஆண்டுகள். உடைந்ததா? எவராலேனும் உடைந்ததா? ஏழு மாதம் மோதிய பாசினி அதோ இல்லையென்று தலையாட்டுகிறார். நன்றி புரபசரே, உட்காருங்கள்.

துடைப்பத்தை விட்டேன்; வெள்ளி நெருப்பை இன்னும் விடவில்லை. ஒவ்வொரு தாளையும் பார்த்த பிறகே கசக்குகிறேன். இருபத்திரண்டு ஆண்டுகளாக ஒரு வரியும் திரும்பி வரவில்லை.

அம்மையாரே, வரிகள் வர வேண்டாம், நீங்கள் வாருங்கள். வருகிற வெள்ளிக்கும் நெருப்பிருக்கும், தீக்குச்சியைக் கிழிக்குமுன் உங்களுக்காகக் காத்திருப்பேன்.

செவி கொடுத்த அனைவருக்கும் இந்தக் கூட்டுகிறவனின் நன்றியும் வணக்கமும்.