முகத்துக்கு நேரே சொன்ன ஒருத்தி

இந்த நினைவுக் கூட்டத்துக்குத் தலைமையேற்று, தலைகவிழ்ந்து அமர்ந்திருக்கும் சங்கத் தலைவர் அவர்களே! அருகில் வீற்றிருக்கும் சரக்குத்தளத்தின் மேற்பார்வையாளர் அவர்களே! இரும்போடு உறவாடி இளமையை இழந்த பெரியவர்களே! பெற்ற வயிற்றின் பதைப்பைப் பேசாமலே அறிந்த தாய்மார்களே! வேலைச் சட்டையோடு வந்து வெளிவாசல் வரை நிற்கும் தோழர்களே! உங்கள் அனைவரையும் கலங்கிய நெஞ்சோடு வணங்குகிறேன்.

என் தம்பியைப் பற்றி நாலு நல்ல வார்த்தை பேசச் சொன்னீர்கள். பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுப்பவள் நான். வார்த்தைக்குப் பஞ்சமில்லை. எனக்கு முன்னால் பேசியவர்கள் அவனைச் சிரித்த முகத்துக்காரன் என்றார்கள். உண்மை. யாரையும் புண்படுத்தாதவன் என்றார்கள். அதுவும் உண்மை. அந்த நல்ல குணம்தான் அவனைக் கொன்றது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

முணுமுணுக்காதீர்கள், தோழர்களே. முழுவதையும் கேளுங்கள்.

உங்கள் தளத்தின் பெரிய கிரேனை ஓட்டியவருக்குக் காது மந்தமாகிவிட்டது. யாருக்குத் தெரியாது இங்கே? உயரத்தில் உட்கார்ந்திருப்பவருக்குக் கீழே சரக்கு இறங்கும் இடம் தெரியாது. கீழே நிற்பவர் வாக்கி டாக்கியில் சொல்வதுதான் அவருக்குக் கண். அந்தக் கண் மங்கியதை எல்லோரும் பார்த்தீர்கள். அவரிடம் எவர் சொன்னார்?

ஒருத்தி சொன்னாள். கீழே நின்று வழிசொல்லும் வேலை பார்த்த பெண். கூட்டம் கூட்டிச் சொல்லவில்லை, கோள் மூட்டவில்லை. கிரேன் அடியில் அவரைத் தனியே நிறுத்திச் சொன்னாள்: "அண்ணே, நான் சொல்றது உங்களுக்குச் சரியா கேக்கல. கேக்காமலே சரி சரிங்கறீங்க. டாக்டர்கிட்ட காட்டிட்டு ஏறுங்க. எனக்குப் பயமா இருக்கு."

மனிதர் கொதித்துப்போனார். ஓய்வறையில் எல்லோரும் அவரைச் சூழ்ந்துகொண்டீர்கள். தோளில் கைபோட்டு முதலில் பேசியவன் என் தம்பி. "அந்தக்கா பேச்ச விடுங்கண்ணே! உங்க காதுக்கு என்ன குறைச்சல்? நாங்க இல்ல?" என்றான். அவர் முகம் மலர்ந்தது. அவர் எழுந்து போனதும், காதருகே கையைக் குவித்து "என்னாது? என்னாது?" என்று அவரைப் போலவே நடித்துக் காட்டியவனும் அவன்தான். நீங்கள் வயிறு வலிக்கச் சிரித்தீர்கள்.

வீட்டில் வந்து சொன்னபோது கேட்டேன்: "அவருகிட்டயே சொன்னா என்னடா?"

"மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவாருக்கா. தினமும் ஒண்ணா வேலை பாக்கணும்ல. எதுக்கு வம்பு?"

தோளில் விழுந்த கை தோழமையா? தேன் தடவிய சொல் தயவா? அவமானப்படுத்தக்கூடாது என்று அருகில் புகழ்ந்து, அப்பால் போனதும் நகைத்தது நட்பா?

மேற்பார்வையாளர் அவர்களே, உங்களிடமும் அந்தப் பெண் வந்தாள். புன்னகையோடு உட்காரவைத்தீர்கள். "நல்லதும்மா, நான் பாத்துக்கறேன்" என்றீர்கள். மறுவாரமே அவளை வாசல் காவலுக்கு மாற்றினீர்கள். அவள் கையிலிருந்த வாக்கி டாக்கியை யாரிடம் கொடுத்தீர்கள்? எல்லோருக்கும் இனியவனான என் தம்பியிடம்!

அன்று பட்டப்பகல். பலத்த காற்று. குழாய்க் கட்டு இறங்கிக்கொண்டிருந்தது. அடியில் தாங்கலுக்கு வைத்த மரக்கட்டை நகர்ந்ததைச் சரிசெய்யச் சுவரோரம் போனவன், திரும்ப வழியில்லாமல் மாட்டிக்கொண்டான். "நிறுத்துங்கண்ணே!" என்று கத்தினான். மேலேயிருந்து வழக்கம்போல அன்பான பதில் வந்தது: "சரிடா தம்பி." கட்டு நிற்கவில்லை.

அழாதீர்கள், தாய்மார்களே. இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

ஓட்டுநர் என் வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். "எனக்கு நல்லா கேக்குதுன்னு உங்க தம்பிதாம்மா சொன்னான். அவன் சொன்னா நம்பாம இருப்பேனா?" என்றார்.

அப்புறம் துக்கம் கேட்க வந்தவர்களெல்லாம் ஒரே வார்த்தை சொன்னார்கள்: "அவனுக்கு ஒண்ணுமே தெரியலக்கா. அந்த நிமிஷமே முடிஞ்சிடுச்சு." அந்த ஆறுதலை அணைத்துக்கொண்டு படுத்திருந்தேன். கடைசியாக அந்தப் பெண் வந்தாள். அது உண்மைதானா என்று அவளிடம் கேட்டேன். அவள் என் கண்ணைப் பார்த்தாள்.

"இல்லக்கா. கொஞ்ச நேரம் உயிர் இருந்துச்சு. வாசல்லேருந்து ஓடிவந்து நான்தான் கையைப் பிடிச்சிக்கிட்டேன். வலிச்சுது அவருக்கு. ரெண்டு தடவை அக்கான்னாரு. என்னைக் கூப்பிடல. உங்களைத்தான்."

அணைத்திருந்த ஆறுதல் அன்றோடு போயிற்று. ஆனால், தாய்மார்களே, என் தம்பி என்னைக் கடைசியாகக் கூப்பிட்ட குரல் அன்றைக்குத்தான் எனக்கு வந்து சேர்ந்தது! உங்கள் கனிவெல்லாம் சேர்ந்து அந்தக் குரலை என்னிடமிருந்து மறைத்து வைத்திருந்தது!

தலைவர் அவர்களே, படத்துக்கு மாலை போடுவதைச் சற்று நிறுத்துங்கள். அந்த ஓட்டுநரைத் தனியனாக்காமல் சிகிச்சைக்கு அழைத்துப் போவது யார்? அந்தப் பெண்ணை அவள் இடத்துக்குத் திரும்ப அழைப்பது எப்போது? மேற்பார்வையாளர் அவர்கள் எழுந்து, இந்த மக்கள் முன் பதில் சொல்லட்டும். "பாத்துக்கறேன்" என்பது பதில் அல்ல. சிரிக்காமல் சொல்லுங்கள், ஐயா. காத்திருக்கிறோம்.

கசப்பைக் கடைசிவரை கேட்ட உங்களுக்கு என் நன்றி. வணக்கம்.