திருத்தம் வெளியிடாத செய்திமடல்

எங்கள் செய்திமடல் மாதம் பிறந்தால் ஐந்தாம் தேதி வெளிவந்துவிடும் சார். பதினோரு வருடத்தில் ஒரு தடவை தப்பியதில்லை. கஜா புயலில் மாவட்டமே இருட்டிக் கிடந்தபோதுகூட மதுரைக்குப் போய் அச்சடித்துக்கொண்டு வந்தேன். முதல் பக்கம் செய்திகள், உள்ளே நூல் விமர்சனங்கள். அதில் இன்றுவரை ஒரு திருத்தம் போட்டதில்லை. போட்டது போட்டதுதான்.

பதிப்பகம் என்பது திருக்கோகர்ணத்தில் மாடியில் இரண்டு அறை. படக்கதைகளும் ஓவியப் புத்தகங்களும் மட்டும் போடுகிறோம். 'றோம்' என்றால் நான்தான். பதிப்பாசிரியர் குணசேகரன், தலைமை விமர்சகர் 'வெண்கோடன்', மாதாமாதம் பாராட்டிக் கடிதம் எழுதும் அறந்தாங்கி வாசகி சுகுணா, மூவரும் நானே.

ஜஸ்டின் கட்டுமாவடிக்காரன். கடலுக்குப் போகிற ஆள். ஆனால் அவன் நண்டு வரைந்தால் தாள் நகரும். அவனுடைய படக்கதையைச் சித்திரையில் போட்டேன். நூற்றிருபது பக்கமும் ஒரு நண்டு, ஒரு வலை, வசனமே கிடையாது. வெண்கோடன் மட்டும் 'உலகத்தரம்' என்று எழுதினார். வேறு யாரும் வாயைத் திறக்கவில்லை. திருச்சிக்குப் போய்ப் பெரிய விமர்சகர் ரகுநாத்தைப் பார்த்தேன். புத்தகத்தை விசிறியாக்கிக்கொண்டே சொன்னார்:

"உசுரோட இருக்குற ஆளைப் பத்தி எழுதுறது ரிஸ்க்குங்க. நாளைக்கே மட்டமா ஒண்ணு வரைஞ்சு வச்சான்னா எம் பேரு என்ன ஆவறது?"

நியாயமான கேள்வி.

ஐப்பசியில் ஜஸ்டின் நான்கு நாள் போன் எடுக்கவில்லை. கடலில் காற்று பலம் என்று டிவியில் சொன்னார்கள். ஐந்தாம் தேதி நெருங்கியது, முதல் பக்கத்துக்குச் செய்தியும் இல்லை. 'ஓவியர் ஜஸ்டின் மறைந்தார்' என்று போட்டேன். பஸ் ஸ்டாண்டில் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸும் வைத்தேன். அவன் படம் சிறியது, என் படம் பெரியது. அது இங்கே வழக்கம்தானே.

பிறகு பாருங்கள், ரகுநாத் ஆறு பக்கம் எழுதினார். ஜஸ்டினை முதலில் கண்டுகொண்டதே அவர்தானாம். புத்தகம் மறுபதிப்புக்குப் போனது.

இதற்கெல்லாம் முன்பே, ஏழாம் தேதியே அவன் மனைவி ஷர்லி போன் செய்திருந்தாள். "ஏங்க, எங்க வீட்டுக்காரரு இங்க ஒக்காந்து மீன் கொழம்பு ஊத்திச் சாப்புட்டுக்கிட்டு இருக்காரு. அங்கிட்டு மாலை போட்டு வச்சிருக்கீங்களாமே? போனுதாங்க தண்ணியில விழுந்துச்சு. அவரு விழுவல."

அடுத்த மாதம் வைத்த அஞ்சலிக் கூட்டத்துக்கு ஜஸ்டினே வந்துவிட்டான். மேடையேறி, "நாந்தாங்க ஜஸ்டின்" என்றான். ரகுநாத் மாலை போட்ட படத்தைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். "சாயல் இருக்கு. சொந்தக்காரங்க கடைசில பேசலாம் தம்பி, ஒக்காருங்க" என்றார். கூட்டம் கைதட்டியது. ஒரு பெண்மணி அவனிடம் மிக்சர் பொட்டலம் கொடுத்து, மனதைத் தேற்றிக்கொள்ளச் சொன்னார்.

மறுநாள் மாடிக்கு வந்தான். "அண்ணே, சங்கத்துல படகு மானியத்த நிறுத்திட்டாங்க. செத்தவனுக்கு டீசல் எதுக்குங்கிறான். எம் மகள ஸ்கூல்ல எல்லாரும் ஆறுதல் சொல்லியே அழ வைக்கிறாங்க. நேர்ல போயி நின்னா பேப்பர்ல வந்துருச்சேங்கிறாங்க. ஒத்த வரி போடுங்கண்ணே, ஜஸ்டின் இருக்கான்னு."

நான் இரு பக்கமும் யோசித்தேன். அந்த ஒரு வரி வந்தால் ரகுநாத்தின் ஆறு பக்கம் என்ன ஆவது? பதினோரு வருட நாணயம் என்ன ஆவது? கோபமெல்லாம் எனக்கில்லை. அவன்மேல் பிரியம்தான்.

"போட்டுருவோம் தம்பி. உயிரோட இருக்குற மாதிரி ஒரு போட்டோ வேணும். நார்த்தாமலைக்கு வா" என்றேன்.

சனிக்கிழமை காலை இஸ்திரி போட்ட சட்டையில் வந்தான். மேலே விஜயாலய சோழீஸ்வரம் கோயிலுக்கு ஏறி, அதையும் தாண்டிப் பாறை விளிம்புப் பக்கம் போனோம். நல்ல வெளிச்சம்.

"இங்கிட்டு நிக்கவாண்ணே?"

"இன்னும் கொஞ்சம் பின்னால."

ஓவியன் இல்லையா, படச்சட்டம் எப்படி அமைய வேண்டும் என்று அவனுக்கே தெரியும். இரண்டு அடி தானாகவே நகர்ந்தான். பிறகு திரும்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"அண்ணே, இதுக்கு மேல பாறை இல்லண்ணே."

அந்தச் சிரிப்பைப் படம் எடுத்துக்கொண்டேன். நன்றாக வந்திருக்கிறது. பிறகு கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, அவன் சட்டைக் காலரைச் சரிசெய்யப் போனேன். சரிசெய்தேன். தள்ளினேன். இரண்டு கையும் என்னுடையவைதான், அதில் மறுப்பில்லை.

நீங்கள் எஃப்.ஐ.ஆரில் கொலை என்று எழுதியிருக்கிறீர்கள். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அந்த இதழை எடுத்து நிதானமாகப் படித்துப் பாருங்கள் சார். முதல் பக்கத்தில் இப்போது ஒரு வரிகூடப் பொய்யில்லை. தேதி மட்டும் முப்பத்தெட்டு நாள் முந்திவிட்டது. அது அச்சகத்துக்காரன் தப்பு.