என் குரலில் ஏழு பாட்டு

வீட்டில் பாட்டுப் பதிவு செய்வதாக இருந்தால், சார், முதல் வேலையாக ஃபேனை நிறுத்த வேண்டும். வியர்த்துக் கொட்டினாலும் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். மைக் எல்லாச் சத்தத்தையும் பிடித்துவிடும்.

நான் பஸ் வொர்க்‌ஷாப்பில் டயர் மாற்றுகிறவன். பின்னறையில் ஒரு பழைய கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு இரண்டு வருடத்தில் ஏழு பாட்டு பதிவு செய்தேன். எழுதியது, மெட்டுப் போட்டது, பாடியது எல்லாம் நான். கழித்துப் போட்ட பிரேக் டிஸ்க்கில் இரும்புக் குழாயை வெல்டு வைத்து, மைக் ஸ்டாண்டையும் நானே செய்தேன். தங்கையும் மாப்பிள்ளையும் வீட்டின் முன்பக்கம் குடியிருந்தார்கள். மாப்பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் அத்துப்படி. தாளம், கீபோர்டு எல்லாம் அவர்தான் சேர்த்துக் கொடுத்தார். நல்ல மனுஷன். அதை நான் யாரிடம் வேண்டுமானாலும் சொல்வேன்.

அன்று மத்தியானம் ஷிஃப்ட் முடிந்து வந்து ஹெட்ஃபோனை மாட்டினேன். முதல் பாட்டில் என் குரல் இல்லை. யாரோ ஒரு பெண் பாடிக்கொண்டிருந்தாள்; கம்ப்யூட்டரில் மெருகேற்றிய குரல், யாரென்று அடையாளம் தெரியவில்லை. ஏழு பாட்டையும் கேட்டேன். ஏழிலும் நான் இல்லை.

மாப்பிள்ளை பின்னால் வந்து நின்று சிரித்தார்.

"எப்படி இருக்கு மச்சான்? பாட்டுக்கு இப்பத்தான் உயிர் வந்திருக்கு. நீங்க எழுதுங்க, போதும். பாடுறதை விட்டுடுங்க."

கேலியாகச் சொல்லவில்லை. மனதாரத்தான் சொன்னார். நான் மைக்கைக் கழற்றி மேசைமேல் வைத்தேன், கீழே விழுந்தால் கெட்டுவிடும். பிறகு ஸ்டாண்டைத் தலைகீழாகப் பிடித்து, டிஸ்க்கால் அவர் தலையில் அடித்தேன். விழுந்தவர் மேசைக்காலைப் பிடித்துக்கொண்டு எழப் பார்த்தார். அந்த விரல்கள்மேல் ஒன்று, தாடையில் ஒன்று, நெற்றியில் நாலைந்து. கண் எது மூக்கு எது என்று தெரியாமல் போனதும் நிறுத்திவிட்டேன். அதற்கு மேல் அடிப்பது என் சுபாவம் இல்லை.

தங்கை ஓடிவந்தாள். அவரைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். என் காலைக் கட்டிக்கொண்டாள்.

"அவரை ஏண்ணா... பாடினது நான்ணா. நான்தான் மாத்தித் தரச் சொன்னேன். நீ சந்தோஷப்படுவேன்னு நினைச்சேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. செய்யாத தப்புக்கு ஒரு மனுஷனை அடித்துக் கொன்றிருக்கிறேன். செய்தவளைச் சும்மா விட்டால் அவருக்கு என்ன நியாயம்? கூடப் பிறந்தவள் என்று ஓரவஞ்சனை பார்க்கலாமா? ஹெட்ஃபோன் ஒயரை அவள் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி, முதுகில் முட்டியை ஊன்றி இழுத்தேன். கையைப் பிறாண்டினாள், காயம் இதோ இருக்கிறது. அடங்க ஒரு பாட்டு நேரம் ஆனது.

நேற்று உங்கள் ஸ்டேஷன் ஆள் அந்தக் கம்ப்யூட்டரைத் திறந்து காட்டினார். நான் பாடிய ஏழும் வேறொரு ஃபோல்டரில் அப்படியே இருக்கின்றன. 'அண்ணன் குரல்' என்று பெயர். தங்கை வைத்திருப்பாள். எல்லாவற்றையும் கேட்டேன்.

அதற்குப் பிறகுதான், சார், எனக்குத் தூக்கமே வந்தது. நல்லவேளை, ஒன்றும் கெட்டுப்போகவில்லை.