தொட்டியில் ஊற்றிய மை

— மையா? பிளம்பர் வேலைக்கு வந்தியா, பரீட்சை எழுத வந்தியா? அதை எதுக்குப்பா ஃபிளஷ் டேங்க்ல ஊத்தறே?

— ஒரு சோதனை சார். பதினஞ்சு நிமிஷம் யாரும் ஃபிளஷ் பண்ணக் கூடாது. அவ்வளவுதான்.

— இந்த வீட்டுக்குள்ள ஒழுகாதுப்பா. பல் விளக்க ஒரு சொம்பு, ஷேவிங்குக்கு ஒரு டம்ளர். நம்பலைன்னா இவளைக் கேளு.

— ஆமா, கல்யாணம் ஆனதுலேர்ந்து அளந்து குடுத்திட்டிருக்கேன்.

— மாடித் தொட்டியை சாயங்காலம் நிரப்பினா விடியறப்ப பாதி காணோம். பூமிக்குள்ள எங்கயோ பைப்பு உடைஞ்சிருக்கு.

— உடைஞ்சிருக்குன்னு போன வருஷம் முன்வாசலையே தோண்டினார். பைப்பு கிடைச்சுது, ஓட்டைதான் கிடைக்கல.

— எத்தனை வருஷமா சார் இப்படி?

— கீழ் வீட்ல என் தம்பி குடும்பம் இருந்தப்பவே. அவன் பொண்டாட்டி குழாயைத் திறந்து விட்டுட்டுத்தான் பாத்திரம் தேய்க்கும். நான் மேல சுவத்துப் பைப்பைத் தொட்டுப் பாப்பேன். உள்ள தண்ணி ஓடறது கையில தெரியும்.

— தொட்டுப் பாத்ததும் கீழ போய் நிப்பார். அவ சோப்புக் கையோட முழிப்பா.

— நியாயம்னு ஒண்ணு இருக்கில்ல? ஒரு தொட்டி, ரெண்டு குடும்பம். கடைசியில கீழ போற வால்வையே மூடினேன். காலையில ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம்.

— குழந்தைங்க யாரும் இல்லையா சார் அந்த வீட்ல?

— ஒரு பொண்ணு. ஒருநாள் விளையாடிட்டு வந்து கையெல்லாம் சேறோட மாடிப்படியில நின்னுச்சு. பெரியப்பா, கை கழுவத் தண்ணி விடறீங்களான்னு கேட்டுச்சு.

— விட்டீங்களா?

— மணி ஆகல.

— அப்புறம்?

— அந்த வாரமே காலி பண்ணிட்டுப் போயிட்டான். மூணு வருஷம் ஆச்சு, பேச்சுவார்த்தை இல்ல. போறப்ப ஒண்ணுதான் சொன்னான். நாங்க அவ்வளவு செலவழிக்கலண்ணேன்னு.

— சார், நேரமாச்சு. இங்க வந்து பாருங்க.

— கோப்பை பூரா நீலமா இருக்கே.

— யாரும் ஃபிளஷ் பண்ணல சார். டேங்க்குக்குள்ள அடியில இருக்கற ரப்பர் போயிருச்சு. நூல் மாதிரி இறங்கிக்கிட்டே இருக்கும், சத்தமே வராது. இறங்க இறங்க மேல ரொம்பிக்கும். ஒரு நாளைக்கு இருபது குடம்கூடப் போகும்.

— இப்பத்தான் போயிருக்கும். இல்லையா?

— சொன்னா கோச்சுக்காதீங்க. பீங்கான்ல வெள்ளையா ஒரு கோடு தெரியுது பாருங்க. தண்ணி வழிஞ்ச உப்பு. தடவினா கல்லா இருக்கு. அஞ்சாறு வருஷமாவது ஆகும் சார் இப்படிப் பிடிக்க.

— அப்ப… அவங்க இருந்தப்பவே.

— கடைக்குப் போய் ரப்பர் வாங்கிட்டு வந்துடறேன் சார். மாத்தறது பத்து நிமிஷ வேலை.

— பத்து நிமிஷமா?

— பத்துகூட ஆகாது. வர்றேன்மா.

— போயிட்டு வாப்பா. நீங்க உக்காருங்க. ஈரத்துல நிக்காதீங்க.

— ஃபோனை எடு. அவனைக் கூப்பிடறேன்.

— என்னன்னு சொல்வீங்க?

— தண்ணி என் வீட்லதான்டா போச்சுன்னு. எனக்குத் தெரியலடான்னு. இந்த வீட்ல யாருக்குமே தெரியலன்னு.

— யாருக்குமேன்னு சொல்லாதீங்க.

— என்ன?

— அந்த வெள்ளைக் கோட்டை வாரா வாரம் தேய்ச்சது யாருங்க?

— உனக்குத் தெரியுமா? தெரிஞ்சுமா வாயைத் திறக்கல?

— அவங்க மேல சந்தேகம் வர்றதுக்கு முன்னாடி தினமும் என்னைத்தானே திட்டினீங்க. நீங்க கீழ போய் நிக்க ஆரம்பிச்சப்புறம்தான் நான் நிம்மதியா பாத்திரம் தேய்ச்சேன்.

— சரி, அவங்க போனப்புறமாவது ஒரு ஆளைக் கூப்பிட்டு மாத்தியிருக்கலாமேடி. மூணு வருஷம்.

— நீங்க வெளிய போற ஒரு நாள் போதும், மாத்தியிருப்பேன். ஆனா அவங்க போனதும் தண்ணி போறதும் நின்னா, பாத்தியா, அவங்கதான்னு சொல்வீங்க. அதைக் கேக்க முடியாதுன்னுதான் ஒழுக விட்டேன்.